ரிலேயின் அடியில் என்ன எழுதியிருக்கிறது?

வணக்கம் நண்பர்களே. பேட்டரிக்குப் பக்கத்தில் கறுப்பு மூடி போட்ட பெட்டி தெரிகிறதா? இதுதான் பியூஸ் பாக்ஸ். ஃபாக் லாம்ப் மாட்ட நினைப்பவர்கள் லாம்பைப் பார்க்கிறார்கள், ஸ்விட்சைப் பார்க்கிறார்கள், இந்தப் பெட்டியை மட்டும் திறப்பதே இல்லை. இன்றைக்கு இதைத்தான் பார்க்கப் போகிறோம்.

மூடியைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் எந்த இடத்தில் எது என்று உள்பக்கமே படம் இருக்கும்.

சின்ன பிளேடு பியூஸில் சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. ஆனால் இந்தப் பெரிய மேக்ஸி பியூஸும் சிவப்புதான், இது 50! அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல் தலையில் உள்ள எண்ணைப் படியுங்கள்.

பியூஸ் போயிருக்கிறதா என்று பார்க்க அதைப் பிடுங்க வேண்டியதில்லை. சாவியை ஆன் செய்து, டெஸ்ட் லாம்பின் (கிளிப்பும் ஊசி முனையும் உள்ள சின்ன சோதனை விளக்கு) கிளிப்பை எர்த்தில், அதாவது காரின் உலோக உடம்பில் மாட்டி, ஊசி முனையால் பியூஸின் தலையில் உள்ள இரண்டு உலோகப் பொட்டுகளையும் தொடுங்கள். இரண்டிலும் எரிந்தால் பியூஸ் நன்றாக இருக்கிறது. ஒன்றில் மட்டும் எரிந்தால் போய்விட்டது. இரண்டிலும் எரியவில்லையா? அங்கே சப்ளையே வரவில்லை, பியூஸைத் திட்டிப் பயனில்லை.

சரி, இப்போது ரிலே. சின்ன கரண்டை வைத்துப் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச் இது. கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன். கால்களுக்குப் பக்கத்தில் 30, 85, 86, 87 என்று பொடி எழுத்தில் இருக்கிறது பாருங்கள். டின் 72552 என்ற ஜெர்மன் தரத்தின் எண்கள் இவை. 85, 86 இரண்டும் காயிலின், அதாவது உள்ளே ஸ்விட்சை இழுக்கும் கம்பிச்சுருளின் இரு முனைகள். ஸ்விட்ச் வழியாக வரும் கரண்ட் இதற்கு மட்டும்தான், பொதுவாக 200 மில்லி ஆம்பியருக்குள் முடிந்துவிடும். பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக வரும் தடித்த வயர் 30க்கு. 87 லாம்புக்கு. ஸ்விட்சைப் போட்டதும் ‘டக்’ என்று 30ம் 87ம் சேரும்.

நடுவில் ஐந்தாவது கால் இருந்தால்தான் வம்பு. சில ரிலேயில் அதுவும் 87தான். சிலவற்றில் அது 87ஏ. ரிலே சும்மா இருக்கும்போது 30 இதோடு சேர்ந்திருக்கும். லாம்ப் வயரை இதில் செருகினால் ஸ்விட்சைப் போடாமலே எரியும், போட்டால் அணையும்! உடம்பில் டையோடு (கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடும் பாகம்) படம் போட்ட ரிலே என்றால் 85ஐயும் 86ஐயும் மாற்றிக் கொடுக்காதீர்கள், ஷார்ட் ஆகிவிடும். 1, 2, 3, 5 என்று எண் போட்ட ரிலேயும் வரும். அதில் 1, 2 காயில், 3 என்பது 30, 5 என்பது 87.

அப்புறம் கணக்கு. 55 வாட் லாம்ப் இரண்டு என்றால் 110 வாட். 12ஆல் வகுத்தால் சுமார் 9 ஆம்பியர். 15 ஆம்பியர் பியூஸ், 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் தாராளம். பியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. அதனால் பேட்டரி டெர்மினலிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஹோல்டரை வையுங்கள். லாம்புக்குப் பக்கத்தில் வைத்தால் நடுவில் உரசி ஷார்ட் ஆகும் வயரை எது காப்பாற்றும்? 15 அடிக்கடி போகிறது என்று 30ஐச் செருகுபவர்களுக்கும் இதே கேள்விதான்.

கடைசியாக ஒன்று. டேஷ்போர்டுக்கு அடியில் மஞ்சள் கப்ளரையோ மஞ்சள் உறை போட்ட வயரையோ பார்த்தால் டெஸ்ட் லாம்பை அங்கே கொண்டுபோகாதீர்கள். பெரும்பாலும் அது ஏர்பேக் லைன்.