மூடுபனியும் சிறு விமானத்தின் எஞ்சினும்

வணக்கம் உறவுகளே. நுவரெலியாவில், கிரகரி வாவிக் கரையில் நிற்கிறேன். எதிர்க்கரை தெரியவில்லை, அவ்வளவு பனிமூட்டம். சிறு விமானத்தின் பிஸ்டன் எஞ்சினைப் பற்றிப் பேச இப்படியொரு காலைக்காகத்தான் காத்திருந்தேன்.

என் கையில் இருப்பது தம்பியின் மோட்டார் சைக்கிள் பிளக். முனையில் கரி எப்படிப் பிடித்திருக்கிறது, பாருங்கள். சைக்கிளில் இது ஒன்றுதான். இது போனால் வண்டி ஓரத்தில் நின்றுவிடும். ஆகாயத்தில் ஓரம் ஏது? அதனால்தான் செஸ்னா 172 விமானத்தில் சிலிண்டர் நான்கு, பிளக் எட்டு. தீப்பொறி தர இரண்டு மேக்னெட்டோக்கள். எஞ்சின் சுழன்றுகொண்டிருக்கும் வரை அவை தாமே மின்சாரம் உண்டாக்கும், பட்டரி தேவையில்லை. புறப்படுமுன் விமானி அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திச் சோதிப்பார்.

இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 2700 சுற்றுக்கு மேல் போகாது. விமானத்தை இழுக்கும் விசிறி நேராகவே எஞ்சின் தண்டில் பூட்டப்பட்டிருக்கிறது. அந்த வேகத்திலேயே விசிறியின் நுனி நொடிக்கு ஏறத்தாழ 270 மீட்டர் பாய்கிறது. ஒலியின் வேகத்தை நெருங்கினால் விசிறி இழுக்கும் விசை குறைந்து இரைச்சல்தான் மிஞ்சும்.

இங்கே ஏறி வரும் ரம்பொடை வளைவுகளில் ஓட்டோ மூச்சு வாங்குவதைக் கேட்டிருப்பீர்கள். ஏற்றம் மட்டுமல்ல, காற்றும் மெலிகிறது. இங்கே 1868 மீட்டர் உயரத்தில், கடலோரத்தில் 160 குதிரைவலு தரும் எஞ்சினுக்கு 130 அளவுதான் கிடைக்கும். காற்றுக்கு ஏற்பப் பெட்ரோலைக் குறைக்க விமானி சிவப்புக் குமிழை வெளியே இழுப்பார்.

ஆனால் எனக்கு மிகவும் அச்சம் தருவது இந்த ஈரம். காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரின் ஒடுங்கிய கழுத்தில் காற்று விரைகிறது, பெட்ரோல் ஆவியாகிறது. அங்கே வெப்பம் 20 பாகைக்கு மேலும் சரியலாம். வெளியே ஸ்வெட்டர் போதும் என்கிற குளிரிலும் உள்ளே பனிக்கட்டி படிந்து எஞ்சினின் மூச்சை அடைக்கும்.

அதற்கென்று இன்னொரு குமிழ் உண்டு. இழுத்தால், புகைக்குழாயின் சூட்டில் காய்ந்த காற்று உள்ளே வரும். உடனே எஞ்சின் முன்னைவிட மோசமாகக் குலுங்கும். புதிதாகப் பழகுகிறவர் பயந்து குமிழைத் திரும்பத் தள்ளிவிடுவார். தள்ளக் கூடாது. உருகிய நீர் சிலிண்டருக்குள் போகும் குலுக்கல் அது. பொறுத்திருந்தால் சத்தம் சீராகிவிடும்.