பிப்ரவரியில் திரும்பி வந்தவன் மறுபடியும் போனேன்: உடுமலையிலிருந்து இரவிகுளம்

வணக்கமுங்க. சென்ற பிப்ரவரியில் கேரளத்து மூணாறு அருகே உள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவின் வாயில் வரை போய், வரையாடுகள் குட்டி போடும் காலம் என்பதால் பூட்டியிருந்த கதவை மட்டும் படம் பிடித்துக்கொண்டு வந்த என் காணொளியைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாரும் இன்று சற்றுப் பொறுமையாக உட்கார்ந்து கேட்க வேண்டும். இம்முறை கதவும் திறந்திருந்தது, ஆடும் இருந்தது. ஆனால் ஆட்டுக்கு முன்னால் வெல்லத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

வழக்கம்போல் பேருந்துதான். காங்கேயம், தாராபுரம் வழியாக உடுமலை சேர்ந்து, மூணாறு வண்டியில் சன்னலோரம் பிடித்தேன். ஒன்பதாறு சோதனைச்சாவடியைத் தாண்டியதும் காடு தொடங்குகிறது. இருட்டிய பிறகு அந்தச் சாலையில் வண்டி விடமாட்டார்கள் என்பதால் மதியத்துக்குள் உடுமலையில் இருங்கள். மூணாற்றுக் குளிரை நினைத்துக்கொண்டு சின்னாற்றுப் பகுதியில் தூங்கிவிடுகிறவர்களை எனக்குப் பிடிப்பதே இல்லை. மேற்கிலிருந்து வரும் மழையை மலை மறித்துக்கொள்வதால் அங்கே ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மழை பெய்கிறது; முள்மரமும் கள்ளியுமாக நிற்கிற அந்தக் காட்டைப் பார்த்தால் காங்கேயத்துக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தை யாரோ தூக்கி மலைமேல் வைத்ததுபோல் இருக்கிறது. ஆனைமுடிச் சரிவில் பிறக்கும் பாம்பாறு, கேரளத்து ஆறுகளில் பெரும்பாலானவற்றைப்போல் மேற்கே போகாமல் கிழக்கே திரும்பி, சின்னாற்றோடு கலந்து, நம் அமராவதி அணைக்குத்தான் வருகிறது. அந்த மலைத் தண்ணீரைத் தாராபுரத்துக்காரர் வீட்டிலிருந்தபடியே குடிக்கிறார் என்று சொன்னால் பக்கத்து இருக்கைக்காரர் நம்பவில்லை.

மறையூரில் இறங்கினேன். வெல்லம் அங்கேதான். கையால் உருட்டிய, விரல் தடம் பதிந்த, கருத்த உருண்டைகள். 2019இல் புவிசார் குறியீடும் பெற்றவை. கடைக்காரர் கிலோ 180 ரூபாய் என்றார். நான் யார் என்பது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியவில்லை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச்சர்க்கரை அனுப்பும் கவுந்தப்பாடியில் பிறந்து, கொப்பரையில் பாகு கொதிக்கும் வாசனையிலேயே வளர்ந்தவனிடம், எங்கள் சந்தை விலையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான விலையைக் கண் இமைக்காமல் சொல்கிறார். இருபது நிமிடம் பேசினேன். கரும்பின் வகையைக் கேட்டேன், சுண்ணாம்பு எவ்வளவு சேர்த்தீர்கள் என்று கேட்டேன், ஒரு முறை கோபித்துக்கொண்டு தெருமுனை வரை நடந்தும் பார்த்தேன். கடைசியில் 170 என்று முடிந்தது. அந்தப் பத்து ரூபாயை வென்ற மகிழ்ச்சியில் இரண்டு கிலோ வாங்கிவிட்டேன், ஒரு கிலோ போதும் என்று போனவன்.

மறுநாள் காலைப் பேருந்தில் நடத்துநர் பையைப் பார்த்துவிட்டு, ஆலையிலேயே போய் வாங்கியிருக்கலாமே என்றார். தமிழ்நாட்டிலிருந்து வரும் வெல்லத்தை மறையூர் வெல்லம் என்று சிலர் விற்பதாக அவ்வூர் விவசாயிகளே நெடுநாளாகக் குறைப்பட்டு வருகிறார்களாம். என் முகம் போன போக்கை ஒளிப்படக்கருவி பிடிக்கவில்லை, நல்லவேளை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மறையூரில் முனியறைகள் எனப்படும், இறந்தோர்க்கு எழுப்பிய பழங்காலக் கல்திட்டைகளை மாலையில் பார்த்தேன். கொடுமணல் ஈமக்காட்டைச் சுற்றிக் காட்டிய என் காணொளி நினைவிருப்பவர்கள் இவற்றையும் அவசியம் பார்க்க வேண்டும். பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடியாக வைத்த கை எவருடையதோ, அது திறமையான கை.

தலையாற்றுக்கு மேல் தோட்டத் தொழிலாளர் லயங்களைத் தவிர வீடுகள் அரிதாகவே கண்ணில் படுகின்றன. அங்கும் பேச்சு பெரும்பாலும் தமிழ்தான். இன்னொன்று, உடுமலைப் பக்கமிருந்து வருபவர்கள் மூணாறு வரை போகத் தேவையில்லை. பூங்காவின் வாயில் மூணாற்றுக்கு முன்பே, ஐந்தாம் மைலில் இருக்கிறது. சென்ற முறை இது தெரியாமல் மூணாறு போய்த் திரும்பி வந்து பூட்டிய கதவைப் பார்த்தேன், அதைக் காணொளியில் நான் சொல்லவில்லை.

வனத்துறை வண்டி ராஜமலைப் பகுதிக்கு ஏற்றிச் செல்கிறது. பொதுமக்களுக்கு அவ்வளவுதான் அனுமதி. 2,695 மீட்டர் ஆனைமுடியைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்கலாம், ஏற முடியாது. ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத்துத் துரைமார் வேட்டையாடிய நிலம் இது. வேட்டை நடக்க ஆடு மிஞ்ச வேண்டுமே என்று அவர்களே அந்த மலைப் பழங்குடியினரான முதுவர்களைக் காவலுக்கு வைத்தார்கள். 1975இல் சரணாலயமாகி, 1978இல் தேசியப் பூங்காவானது. நம் மாநில விலங்கை நிம்மதியாகப் பார்க்க அடுத்த மாநிலத்துக்குப் போக வேண்டியிருப்பது எனக்குச் சற்று வெட்கமாகத்தான் இருந்தது. பாதைத் திருப்பத்தில் ஒரு கிடா நின்றது. முதுகில் வெள்ளி பூசியதுபோல் முதிர்ந்த கிடாவுக்கு வரும் அந்த வெளுப்பு. என்னைப் பொருட்படுத்தாமல் புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. நான்கு நிமிடம். இந்தக் காணொளியில் வெட்டாமல் அப்படியே வைத்திருக்கிறேன், சலிப்பாக இருந்தால் தள்ளிக்கொள்ளுங்கள்.

அந்த வட்டாரத்தில் ஆனைமுடிச்சோலை, பாம்பாடும்சோலை, மதிகெட்டான்சோலை என்று மேலும் மூன்று தேசியப் பூங்காக்கள் உண்டு, மூன்றும் 2003இல் அறிவிக்கப்பட்டவை. பாம்பாடும்சோலை ஒன்றரை சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அவற்றுக்கு அடுத்த முறை.

வீட்டில் அம்மிச்சி ஒரு துண்டை வாயில் போட்டுச் சப்பிவிட்டு, "இது நம்மூர்ச் சரக்காட்டத்தானப்பா இருக்குது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். இரவிகுளத்தில் 2018இல் பூத்த நீலக்குறிஞ்சி இனி 2030இல் பூக்கும் என்று சொன்னேன். அப்போது அம்மிச்சிக்கு எண்பத்தெட்டு வயதாகும். தானும் வருவதாக இப்போதே சொல்லியிருக்கிறார். வெல்லம் மட்டும் வீட்டிலிருந்தே கொண்டுவருவாராம்.