இருட்டில் வேலை பார்த்த மாப்பிள்ளை

நடுவர் ஐயாவுக்கும், ஸ்வெட்டருக்குள் விட்ட கையை வெளியே எடுக்க மாட்டோம் என்று உட்கார்ந்திருக்கும் உதகைப் பெருமக்களுக்கும் வணக்கம். உதகையின் நினைவு வாழ்வது பழைய மாளிகைகளிலா, பழைய ஆலைகளிலா? ஆலைகளில்தான். அவ்வளவுதான் தலைப்பு, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எதிரணி அண்ணன் கல் பங்களாவில் ஏறினார், இறங்கவே இல்லை. 1822இல் ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டத் தொடங்கினார், இன்றும் அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது என்றார். சரி, உண்மை. அதோடு உட்கார்ந்திருக்கலாம். "பங்களா நிற்கிறது, உங்கள் ஃபிலிம் கம்பெனி எங்கே? பூட்டிய கேட்டுக்கு மாலை போட்டுக் கும்பிடுங்கள்" என்றார். நீங்களும் சிரித்தீர்கள். முன் வரிசையில் சிரித்தவர்களை நான் பார்த்து வைத்திருக்கிறேன்!

அந்தக் கேட்டுக்கு உள்ளே என்ன நடந்தது என்று அண்ணனுக்குச் சொல்கிறேன். 1960இல் மத்திய அரசு தொடங்கிய நிறுவனம், இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ். 1967இல் உற்பத்தி. தூசியில்லாத காற்று வேண்டும் என்றுதான் மலைக்கு வந்தார்கள். ஃபிலிமில் பூசும் வெள்ளி உப்பின் மேல் ஒரு கீற்று வெளிச்சம் பட்டால் போதும், மொத்தச் சரக்கும் வீண். ஆகவே பல வேலைகள் மையிருட்டில்தான் நடக்கும். என் அப்பா அந்த இருட்டில் வேலை பார்த்தவர். அதனால்தான் அவர் கல்யாணமே நிற்கப் பார்த்தது.

அம்மாவுக்குப் பிறந்த வீடு மேட்டுப்பாளையம். தரகர் போய், "மாப்பிள்ளைக்கு ஊட்டியில வேலைங்க, நல்ல சம்பளம்" என்றிருக்கிறார். "என்ன வேலை?" என்று எங்கள் அப்புச்சி கேட்டார். தரகருக்கு விவரம் தெரியாது. "இருட்டுலதானுங்க வேலை" என்றார். அப்புச்சி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். "இருட்டுலயா?" "ஆமாங்க, ஒரு பொட்டு வெளிச்சம் ஆகாதுங்க." "சத்தம்?" "அது இருந்தாப் பரவாயில்லீங்க." அப்புச்சி உள்ளே பார்த்து, "ஏ புள்ள, அந்த நகைப்பெட்டிய எடுத்து உள்ள வையி" என்றார்!

இருங்கள், இன்னும் முடியவில்லை. தரகர் விடவில்லை. "சர்க்கார் வேலைங்க" என்றார். அப்புச்சி சொன்னார்: "இருட்டுல வேலை செய்யறவனுக்குச் சர்க்கார் சம்பளம் குடுக்காது, களிதான் குடுக்கும்."

எப்படியோ பெண் பார்க்க வந்துவிட்டார்கள். சொஜ்ஜியும் பஜ்ஜியும் வந்த நேரத்தில் கரண்ட் போனது. ஊரே தடுமாறுகிறது, ஒருவர் தண்ணீர்ச் சொம்பில் கால் வைத்துவிட்டார். அப்பா மட்டும் எழுந்து, எதிலும் இடிக்காமல், தட்டை வாங்கி எல்லார் கையிலும் பஜ்ஜி கொடுத்து முடித்துவிட்டார். கரண்ட் வந்தது. எல்லாரும் ஆச்சரியத்தில் இருக்க, அப்புச்சி மட்டும் இடுப்புச் சுருக்குப்பையைத் தடவிப் பார்த்தாராம்!

இது அம்மா சொல்லும் கதை. அப்பா சொல்லும்போது ஒரு திருத்தம்: எல்லாருக்கும் ஒரு பஜ்ஜி, அம்மாவுக்கு மட்டும் இரண்டு. இருட்டிலும் ஆள் தெரிந்திருக்கிறது ஐயா, அவர் தொழில் சுத்தம்!

அண்ணா, புனித ஸ்டீபன் தேவாலயத்து உத்தரங்கள் திப்புவின் அரண்மனையில் இருந்து வந்தவை என்று பெருமைப்பட்டீர்களே. மரம் யாருடையது என்று சொன்னீர்கள், மலையேற்றிய தோள் யாருடையது? அந்த மாளிகைகளுக்குள் நம் தாத்தாக்கள் போனது பின்வாசல் வழியாக. ஆலைக்குத்தான் முன்வாசல் வழியாக, சட்டையில் அடையாள அட்டை குத்திக்கொண்டு போனார்கள். அரவங்காட்டு வெடிமருந்து, எல்லநள்ளி ஊசி என்று அடுக்க என்னிடமும் ஆண்டுகள் உண்டு. நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், விடுகிறேன்.

அங்கே எக்ஸ்ரே ஃபிலிமும் செய்தார்கள். கம்பெனி நொடித்து, அப்பா வீட்டுக்கு வந்து பல வருஷம் கழித்து நெஞ்சுவலி. டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குக்கு எதிரே பிடித்து எங்களிடம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். அப்பா கையை நீட்டி அதை வாங்கினார். நெஞ்சைப் பார்க்கவில்லை. கண்ணை மூடி ஓரத்தை விரலால் தடவிவிட்டு, "இது நம்ம சரக்கு இல்லம்மா" என்றார். நோயைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. நம் சரக்கு வருவது எப்போது நின்றது என்றுதான் டாக்டரிடம் கேட்டார். அவர் சின்னப் பையன், அவருக்கு என்ன தெரியும்?

அண்ணா, மாலை போடச் சொன்னீர்கள். எங்கள் வீட்டுச் சுவரில் இப்போது ஒரு மாலை இருக்கிறது. கம்பெனிக்கு வேண்டாம்.

அந்த ஃபிலிம் கம்பெனி இருந்த இந்து நகர்க்காரர்கள் இந்த அரங்கில் எத்தனை பேர்? அப்பா, மாமா, அக்கா யார் வேலை பார்த்திருந்தாலும் சரி, கையை ஸ்வெட்டரை விட்டு வெளியே எடுங்கள். உயர்த்துங்கள். பின்னால் அந்தத் தூணருகே நிற்கும் ஐயா, நீங்களும்தான். நடுவர் ஐயா, எண்ணிக்கொள்ளுங்கள்.