கட்டிப்போடும் படம்தான், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘ஏழு சாமுராய்’ படம் இன்றைய இளைஞர்களைக் கட்டிப்போடுமா, கொட்டாவி விடவைக்குமா என்பது தலைப்பு. கட்டிப்போடும் என்று பேச வந்திருக்கிறேன். போன மாதம்தான் இந்தப் படத்தை முதன்முறையாகப் பார்த்தேன். எதிரணி அண்ணன் எங்கள் தலைமுறையை நினைத்து ரொம்பக் கவலைப்பட்டார். எங்களையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கவலைப்பட்டிருக்கலாம்.

1954இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம், 207 நிமிடம் ஓடுகிறது, முதல் ஒரு மணி நேரம் ஆள் பிடிக்கும் வேலைதான் நடக்கிறது என்றார். ஆமாம், நடக்கிறது. எப்படி நடக்கிறது என்பதை மட்டும் வசதியாக விட்டுவிட்டார்.

கொள்ளைக்காரர்களிடம் விளைச்சலைப் பறிகொடுக்கும் ஏழைக் கிராமம். காவலுக்கு சாமுராய்களை, அதாவது அந்தக் கால ஜப்பானிய வாள்வீரர்களைத் தேடிப் போகும் விவசாயிகளிடம் காசு கிடையாது, சோறு மட்டும்தான் போட முடியும். மூத்த சாமுராய் காம்பேய், இது ஆகாத காரியம் என்று கைவிரிக்கிறார். அதுவரை அந்த விவசாயிகளைக் கிண்டல் செய்துகொண்டிருந்த கூலிக்காரன் ஒருவன், சோற்றுக் கிண்ணத்தை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டுகிறான். உங்களுக்கு நெல்லுச்சோறு போட்டுவிட்டு இவர்கள் தின்பது என்ன தெரியுமா, வெறும் சிறுதானியம் என்கிறான். (இன்றைக்கு அதற்குத்தான் விலை அதிகம், எதிரணி அதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்!) காம்பேய் கிண்ணத்தை வாங்கி, இந்தச் சோற்றை வீணாக்க மாட்டேன் என்கிறார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அங்கேதான்.

அப்புறம், சண்டை எங்கே என்று கேட்டார். அண்ணா, சண்டை வருவதற்கு முன்னால் படம் நமக்கு ஊரைச் சுற்றிக் காட்டிவிடுகிறது. மேற்கே வேலி போடுகிறார்கள். தெற்கே வயலில் தண்ணீர் கட்டுகிறார்கள். கிழக்கே பாலத்தை உடைக்கிறார்கள். வடக்கை மட்டும் வேண்டுமென்றே திறந்து வைக்கிறார்கள். அங்கே ஒன்றிரண்டு கொள்ளையரை மட்டும் உள்ளே விட்டு, பின்னாலேயே ஈட்டிகளால் வழியை அடைப்பதுதான் திட்டம். நாற்பது கொள்ளையருக்கு நாற்பது வட்டம் வரைந்து, ஒருவன் விழ விழ ஒரு வட்டத்தை அடித்துக்கொண்டே வருகிறார் காம்பேய். கடைசிச் சண்டையில் மழை கொட்டுகிறது, சேற்றில் மனிதனும் குதிரையும் உருளுகிறார்கள். அப்போதும் எவன் எந்தப் பக்கமிருந்து வருகிறான் என்று எனக்குத் தெரிந்தது. இப்போது வரும் படங்களில் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியாமல் பாப்கார்ன் தின்றுகொண்டிருக்கிறோம்.

கிகுச்சியோவை மறந்துவிட்டீர்களே! தொஷிரோ மிஃபூனே நடித்த அந்த முரட்டு ஆள், விவசாயிகள் ஒளித்து வைத்திருந்த கவசங்களைத் தூக்கி வருகிறான். தோற்று ஓடிய சாமுராய்களைக் கொன்று பறித்தவை அவை. மற்ற சாமுராய்கள் முகம் கறுக்கிறார்கள். அவன் வெடிக்கிறான்: விவசாயி கஞ்சன், பொய்யன், கொலைகாரன்தான், ஆனால் அவனை அப்படி ஆக்கியது யார், நீங்கள்தானே என்று. கண் கலங்கிய காம்பேய் கேட்பது ஒன்றே ஒன்று: நீ விவசாயி மகன்தானே? தன் நாயகர்களையே நிற்கவைத்துக் கேள்வி கேட்கும் படத்தைப் பழைய படம் என்று எப்படி ஒதுக்குவது?

சாகும் நான்கு சாமுராய்களும் குண்டடி பட்டுத்தான் சாகிறார்கள். வாள்வீச்சில் நிகரே இல்லாத கியூஸோவையும் ஒளிந்திருந்து சுட்டே வீழ்த்துகிறார்கள். மூன்று மணி நேரம் கூடவே இருந்ததால்தான் அந்தக் குண்டு நம் மேலும் படுகிறது.

வெளிநாடுகளுக்கு இந்தப் படத்தை வெட்டிச் சுருக்கித்தான் முதலில் அனுப்பினார்கள். எதிரணியில் அடுத்துப் பேச வருபவரையும் கேட்கிறேன்: கத்தரிக்கோலை உங்கள் கையிலேயே தருகிறேன், எந்த இருபது நிமிடத்தை வெட்டுவீர்கள்? அதை மட்டும் சொல்லிவிட்டு உட்காருங்கள்.