கற்பூரப் பொட்டலமும் ஆக்சிமீட்டரும்

வணக்கம் நேயர்களே. 2021 ஏப்ரல், மே மாதங்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கோவிட் இரண்டாம் அலையில் ஆக்சிஜன் படுக்கைக்கு ஊரே அலைந்த நேரம். அப்போது வாட்ஸ்அப்பில் ஒரு வைத்தியம் சுற்றியது. கற்பூரம், கிராம்பு, ஓமம், நாலு சொட்டு நீலகிரித் தைலம். துணியில் முடிந்து மோந்தால் ஆக்சிஜன் கூடுமாம்.

சிரித்துத் தள்ள முடியாத புரளி இது. செய்து பார்த்த பலருக்கு ஆக்சிமீட்டரில், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டிப் பார்க்கிற கருவியில், எண் நிஜமாகவே ஏறியிருக்கும்.

எப்படி? குருசுக்குப்பமோ கடலூர் முதுநகரோ, ஐஸில் கைவிட்டு மீன் அள்ளுகிற ஒரு அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். வந்த கையோடு ஆக்சிமீட்டரை மாட்டுகிறார். விரல் சில்லிட்டுக் கிடக்கிறது, ரத்த ஓட்டம் குறைவு. அந்தக் கருவியோ விரலுக்குள் வெளிச்சம் பாய்ச்சி, ரத்தத் துடிப்பைப் பிடித்துத்தான் கணக்குப் போடும். துடிப்பு சரியாகச் சிக்காவிட்டால் 91 என்று ஏதோ காட்டும். பதறிப்போய்ப் பொட்டலத்தை எடுக்கிறார். மோப்பது என்றால் என்ன? நெஞ்சு நிறைய மூச்சை இழுப்பதுதானே! பத்து தடவை இழுப்பதற்குள் விரலும் சூடேறிவிடும். இப்போது 96. பேர் கற்பூரத்துக்கு! வெறும் துணியை மோந்திருந்தாலும் ஏறியிருக்கும். கற்பூரம் மூக்கில் குளுகுளுவென்று இருக்கும், மூச்சு தாராளமாகப் போகிற மாதிரி தோன்றும். உள்ளே போகிற காற்று கூடுவதில்லை. குழந்தைகள் வாயில் போட்டுவிட்டால் வலிப்பே வரும், கவனம்.

கோவிட்டில் திணறல் தெரியாமலே ஆக்சிஜன் அளவு இறங்கக்கூடும். பொட்டலத்தை நம்பிக் கழித்த அரை நாள், ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டிய அரை நாள்.

சரியாகப் பார்ப்பது இப்படி. மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரல். கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். மாட்டியதும் வருகிற முதல் எண்ணை விட்டுவிடுங்கள். ஒரு நிமிஷம் பொறுத்து, ஆடாமல் நிற்கிற எண்தான் கணக்கு. மறுபடி சொல்கிறேன், முதல் எண் வேண்டாம். 94-க்குக் கீழே நின்றால் உடனே டாக்டர். 94-க்கு மேல் இருந்து, தள்ளாட்டமும் இல்லையென்றால், வீட்டுக்குள்ளேயே ஆறு நிமிஷம் நடந்து பாருங்கள். மூன்று புள்ளி இறங்கினாலோ, 94-க்குக் கீழே போனாலோ அப்போதும் டாக்டர்தான்.

நேரமாகிவிட்டது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். கிருமி போகத் தெளிக்கிற பிளீச்சிங் பவுடரைப் பற்றியும் நிறைய வைத்திருந்தேன். ஒன்றே ஒன்று: பிளீச்சிங் தண்ணீரோடு கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டைச் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். அந்தத் தண்ணீரை ஆள் மேல் தெளிக்கவும் வேண்டாம். வணக்கம்.