பொதி போன வழி

வணக்கம் நேயர்களே.

நான் சுவிசுக்கு வந்து முப்பத்தைந்து வருடம். அதில் பத்து வருடம் ஹோட்டல் குசினியில் நின்று, பாத்திரம் கழுவிக்கொண்டே யன்னலால் மலையைப் பார்த்திருக்கிறேன். லீவு எடுத்து, காசும் செலவழித்து, முதுகில் பையையும் சுமந்துகொண்டு இந்த மனிதர் எதற்கு அதில் ஏறுகிறார்கள் என்பது மட்டும் எனக்கு விளங்கவேயில்லை. போன ஆவணியில் மகள் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். நான்கு நாள், 65 கிலோமீட்டர். சுவிசில் தூசிஸ் என்ற ஊரில் தொடங்கி, ஸ்ப்ளூகன் கணவாயைக் கடந்து, இத்தாலியில் கியாவென்னாவில் முடிகிற பழைய வழி. இப்போது வியா ஸ்ப்ளூகா என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

என் பை எட்டுக் கிலோ. மாற்று உடுப்பு, மழை அங்கி, ரொட்டி, ஒரு சின்னப் போத்தலில் கட்டைச்சம்பல். அரை மணித்தியாலத்திலேயே தோள் இழுக்கத் தொடங்கிவிட்டது. அப்போதுதான் மகள் சொன்னாள், இந்த வழியில் போன குதிரை ஒவ்வொன்றும் சுமார் 150 கிலோ சுமந்ததாம், இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. அந்தச் சுமைக்கு ஜெர்மனில் ‘ஸௌம்’ என்று பெயர். சுமை ஓட்டிப் போனவன் ‘ஸொய்மர்’. எங்களிடம் அதற்குப் ‘பொதி’ என்ற சொல் இருக்கிறது, பொதிமாடும் இருந்தது. அந்தச் சொல் நினைவுக்கு வந்த பிறகு வழி எனக்குக் கொஞ்சம் பழகினதுபோல் ஆகிவிட்டது.

முதல் நாளே வியாமாலா. ரொமான்ஷ் மொழியில் ‘கெட்ட வழி’ என்று அர்த்தம். பின்ரைன் ஆறு பாறையை அறுத்துக்கொண்டு ஓடுகிற இடுக்கு அது. இரண்டு பக்கமும் 300 மீட்டர் வரைக்கும் செங்குத்துச் சுவர். சில இடத்தில் சுவருக்கும் சுவருக்கும் நடுவில் சில மீட்டர்தான். வீதியிலிருந்து அடிக்கு இறங்க 359 படி. கீழே நின்றால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது, தண்ணீர்ச் சத்தம்தான்.

1473-இல் தூசிஸ், காசிஸ், மசைன் என்ற மூன்று ஊர்கள் கூடி, இந்த இடுக்கினூடாக வழி வெட்டுவதென்று எழுத்தில் ஒப்பந்தம் செய்தன. ஏன் அவ்வளவு பாடு? அந்த வழியால் வருகிற பொதியில்தான் அவர்களுடைய சோறு இருந்தது. தெற்கிலிருந்து வைன், அரிசி, வாசனைச் சரக்கு. வடக்கிலிருந்து போவது சீஸும் மாடும். வழி நெடுகப் ‘போர்ட்டன்’ என்ற சுமைகாரர் சங்கங்கள் இருந்தன. இன்ன எல்லையிலிருந்து இன்ன எல்லை வரைக்கும் சரக்கை இந்தச் சங்கத்து ஆட்கள்தான் கொண்டுபோகலாம். எல்லை வந்ததும் இறக்கிக் கிட்டங்கியில் வைக்கவேண்டும், அடுத்த சங்கம் எடுத்துக்கொள்ளும். வியாபாரிக்கு எரிச்சலாகத்தான் இருந்திருக்கும், ஒவ்வொரு எல்லையிலும் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி. ஆனால் அந்த உரிமையோடு ஒரு கடமையும் ஒட்டியிருந்தது. உன் எல்லைக்குள் வழி உடைந்தால் நீதான் திருத்தவேண்டும். பனி மூடினால் நீதான் மாடுகளை விட்டு மிதித்துத் திறக்கவேண்டும். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. வழியால் பிழைக்கிறவன் கையிலேயே வழியையும் கொடுத்துவிட்டார்கள்.

அந்த வேலை இன்றைக்கும் முடியவில்லை. வியாமாலாவுக்குச் சற்று முன்னால் ஒரு பக்கப் பள்ளத்தைக் கடக்க 1996-இல் ஒரு நடைபாலம் போட்டார்கள். மூன்றே வருடத்தில் பாறை விழுந்து அடித்துக்கொண்டு போனது. யூர்க் கொன்செட் என்ற பொறியியலாளர் 2005-இல் அங்கே வேறொன்று தொங்கவிட்டார். பாலமே படிக்கட்டு, படிக்கட்டே பாலம். மகள் நடுவில் நின்று படம் எடுத்தாள். நான் கம்பியைப் பிடித்தபடி, அடுத்த படியைத் தவிர வேறொன்றையும் பார்க்காமல் போய்ச் சேர்ந்தேன். இடுக்கைத் தாண்டினால் அவருடைய இன்னொரு பாலம், சுரன்சுன்ஸ். அந்தப் பக்கத்துக் கருங்கற் பலகைகளை உருக்குப் பட்டியில் மாலை கோத்ததுபோல் கோத்து ஆற்றுக்குக் குறுக்கே 40 மீட்டர் இழுத்துக் கட்டியிருக்கிறார். கல் காலுக்குக் கீழே இலேசாக ஆடுகிறது. கல் ஆடுவதை நான் அங்கேதான் கண்டேன்.

சில்லிஸ் என்ற ஊரில் ஒரு சின்னத் தேவாலயம். வெளியே பார்த்தால் ஒன்றுமில்லை. உள்ளே போகும்போது கையில் ஒரு கண்ணாடியைத் தருகிறார்கள், முகம் பார்க்கிற கண்ணாடி. குனிந்து அதைப் பார்த்தால் கூரை தெரியும். மரப்பலகையில் 153 ஓவியங்கள், பன்னிரண்டாம் நூற்றாண்டினுடையவை. நடுவில் யேசுவின் கதை. ஓரத்துச் சதுரங்களில் கடல், அதில் மீன்வாலோடு விதவிதமான மிருகங்கள். எனக்குக் கோயில் தோரணத்து மகரம்தான் ஞாபகம் வந்தது. கடலையே காணாத பள்ளத்தாக்கில் எவனோ ஒருவன் கடலைச் சுற்றி வரைந்து வைத்திருக்கிறான். கழுத்து நோகாமல் பார்க்கக் கண்ணாடி கொடுக்கலாம் என்று நினைத்த மனிதரையும் நான் மெச்சுகிறேன்.

இரண்டாம் நாள் குதிக்காலில் கொப்பளம். அதைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டாம், புதுச் சப்பாத்து என்றால் போதும். அன்று மத்தியானம் ரொஃப்லா மலையிடுக்கில் ஒரு பழைய சத்திரத்தில் உட்கார்ந்தோம். 1882-இல் மேற்கே கொத்தார்டு மலையில் ரயில் சுரங்கம் திறந்ததும் சரக்கெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. இந்த வழியில் பொதியும் இல்லை, ஆளும் இல்லை, சத்திரத்தில் சாப்பிட எவரும் இல்லை. அந்தக் குடும்பத்தில் வந்த கிறிஸ்டியான் பிட்சன்-மெல்கியோர் என்பவர் பிழைப்புத் தேடி அமெரிக்கா போனார். அங்கே நயாகராவைப் பார்த்தார். அதைவிட முக்கியமாக, நயாகராவைப் பார்க்கச் சனம் திரண்டு வருவதைப் பார்த்தார். எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் ஓர் அருவி இருக்கிறதே என்று திரும்பி வந்தார். 1907 தொடக்கம் 1914 வரைக்கும், குளிர்காலம் குளிர்காலமாக, கையால் பாறையைத் துளைத்து, சுமார் 8,000 வெடி வைத்து, அருவிக்குப் பின்னால் போய் நிற்க ஒரு வழி குடைந்தார். அந்த வழியில் நானும் போய் நின்றேன். தலைக்கு மேலால் ரைன் ஆறு விழுகிறது. சட்டை நனைந்துவிட்டது. கூரையில் துளைத்த அடையாளம் விரல் தடிப்பில் இன்றும் தெரிகிறது. விரலை வைத்துப் பார்த்தேன், சரியாக உள்ளே போனது.

அன்றிரவு ஸ்ப்ளூகன் ஊர். வெயிலில் கறுத்த மரவீடுகள், நடுவில் சரக்கில் காசு கண்ட குடும்பங்களின் பெரிய கல்வீடுகள். 1940-களில் இந்தப் பள்ளத்தாக்கை மூடி நீர்த்தேக்கம் கட்ட மின்சாரக்காரர் திட்டம் போட்டார்கள். கட்டியிருந்தால் ஊர் தண்ணீருக்குள். நல்ல காசு தருவதாகவும் சொன்னார்கள். சனம் மறுத்துவிட்டது. ரயில் வந்து பிழைப்பைக் கொண்டுபோய் அறுபது வருடம், இளசுகள் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்த காலம், அப்போதும் விற்கமாட்டோம் என்றார்கள். 1995-இல் பழைய ஊரைப் பேணியதற்காக, சுவிசில் ஊர்களுக்குக் கொடுக்கிற வாக்கர் விருது கிடைத்தது. ஊரை விட்டு வந்தவன் என்ற முறையில், அந்த வீடுகளுக்கு நடுவில் நடக்கும்போது நான் அதிகம் பேசவில்லை.

மூன்றாம் நாள் கணவாய். 2,100 மீட்டருக்குச் சற்று மேல். 1820-களில் திறந்த வண்டிவீதி பாம்புபோல் வளைந்து வளைந்து ஏறுகிறது. பொதிவழி அந்த வளைவுகளை நேராக வெட்டிக்கொண்டு போகிறது. பதித்த கல்லில் கால் வைத்தபோது ஒன்றைக் கவனித்தேன். சில அடிக்கு ஒரு கல்லைக் குறுக்கே செருகி, சற்று உயர்த்திப் பதித்திருக்கிறார்கள். மழைத் தண்ணீர் வழியை அரிக்காமல் பக்கத்தில் ஓடிவிடவேண்டும். குதிரையின் குளம்புக்கும் அது பிடிமானம், என் கொப்பளத்துக்கும்தான்.

உச்சியில் நின்றது பத்து நிமிடம். காற்று. அப்பால் இத்தாலி, மொன்டேஸ்ப்ளூகா ஏரி, 1931-இல் அணை கட்டித் தேக்கியது. அதைத் தாண்டினால் கார்டினெல்லோ. செங்குத்துப் பாறையின் இடுப்பில் குடைந்த ஒற்றையடிப் பாதை. 1800 டிசம்பரில் மக்டொனால்ட் என்ற பிரெஞ்சுத் தளபதி ஒரு படையையே இந்தக் கணவாயால் கூட்டிப்போனார். பனிச்சரிவு ஆட்களையும் குதிரைகளையும் வாரிக்கொண்டு போனது. பொதிகாரர் குளிர்காலத்தில் எந்த நாள் போகலாம், எந்த நாள் போகக்கூடாது என்று பார்த்துப் போவார்கள். படைக்கு அந்தப் பொறுமை இல்லை. நாங்கள் இறங்கியது வெயில் நாளில், கம்பியைப் பிடித்தபடி. அப்படியும் மகள் முன்னால் நின்று, “அப்பா, மெதுவா இறங்குங்கோ, கீழ பாக்காதேங்கோ” என்று சொல்லிக்கொண்டே போனாள். சின்ன வயதில் பனியில் அவள் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனவன் நான்.

உச்சியிலிருந்து கியாவென்னா வரைக்கும் கிட்டத்தட்ட 1,800 மீட்டர் இறக்கம். ஏற்றம் மூச்சைக் கேட்கும், இறக்கம் முழங்காலைக் கேட்கும். நான்காம் நாள் பின்னேரம் செஸ்நட் மரங்களுக்கு நடுவே ஊருக்குள் வந்தபோது நான் பக்கவாட்டில்தான் நடந்தேன், நண்டுபோல.

கியாவென்னாவில் ‘க்ரொத்தோ’ என்று பாறைக்குள் நிலவறைகள். மலைச்சரிவுக் கற்களின் இடுக்கால் வருடம் முழுக்கச் சுமார் எட்டுப் பாகைக் குளிரில் காற்று வருகிறது. ஊர்க்காரர் அதற்கு ‘சொரேல்’ என்பார்கள். வெளியே முப்பது பாகை வெயில். மகள் முகத்தை அந்த ஓட்டையில் வைத்துக்கொண்டு எழும்ப மறுத்துவிட்டாள். வைனும் சீஸும் அங்கேதான் கிடக்கும். வடக்கே போன பொதியும் இந்த ஊரிலிருந்துதான் ஏறியது.

இரண்டு போத்தல் வாங்கிப் பைக்குள் வைத்தேன். கிட்டத்தட்ட மூன்று கிலோ, ஒரு குதிரைப் பொதியில் ஐம்பதில் ஒரு பங்கு. மஞ்சள் தபால் பஸ்ஸில், மடியில் வைத்துக்கொண்டு, கணவாயைத் திரும்பக் கடந்து வந்து சேர்ந்தோம்.

நன்றி, வணக்கம்.