பெட்டியடிப் பையன் சிங்கப்பூர் போன கதை

சத்தம் எதிரொலிக்குதா? இருங்க, மைக்கைச் சட்டைக்குள்ள மாட்டிக்கிறேன். ஆங், இப்ப சரி.

செட்டிநாட்டுக் கானாடுகாத்தான்ல எங்க வீட்டு வளவுல, அதாவது உள்முற்றத்தைச் சுத்தி இருக்கிற கூடத்துல உக்காந்திருக்கேன். வர்ற மாசம் எங்க பெரியப்பாவுக்குச் சாந்தி, அறுபதாங் கல்யாணம். பங்காளிக அத்தனை பேரும் வர்றாக. பூட்டிக் கெடந்த வீட்டைத் திறந்து, அறையறையா சாமான் எண்ணி எழுதுற வேலை என் தலையில. பின்னாடி அடுக்கியிருக்கு பாருங்க, அதெல்லாம் பித்தளை அண்டா. ஒவ்வொண்ணுலயும் எங்க ஐயாவோட, அதாவது தாத்தாவோட இனிஷியல் வெட்டியிருக்கும். காலையில இருந்து எண்ணுறேன், இன்னும் பாதி கூட ஆகலை. அதான் கொஞ்ச நேரம் உங்ககிட்ட பேசலாம்னு.

போன தடவை சிங்கப்பூர் போய்ட்டு வந்தேன்னு சொன்னேன்ல, எதுக்குப் போனேன்னு கமெண்ட்ல கேட்டுக்கிட்டே இருக்கீங்க. பெரியப்பா மகன், எங்க அண்ணன், ஆத்தங்குடியில கல்லுப் பட்டறை வச்சிருக்காரு. தரையில பதிக்கிற பூக்கல்லு. கண்ணாடி மேல அச்சை வச்சு, கலரை ஊத்தி, மேல மணலும் சிமிண்டும் போட்டு அமுக்கி எடுக்கிறது. சூளை கிடையாது, தண்ணியில ஊறப் போட்டுக் காய வைக்கிறதுதான். கண்ணாடியில படுத்துக் கெடந்ததாலதான் அந்த வழுவழுப்பு. அண்ணனுக்கு அங்க ஒரு வீட்டலங்காரக் கண்காட்சியில ஸ்டால் கிடைச்சுச்சு. கல்லு தூக்க ஆள் வேணும்னு என்னைக் கூட்டிட்டுப் போனாரு.

இடம் சன்டெக். ஊருக்கு நட்ட நடுவுல, கடலைத் தூர்த்து எடுத்த நிலத்துல, 1995ல திறந்த மாநாட்டு மண்டபம். சுத்தி அஞ்சு கோபுரம், நாலு 45 மாடி, ஒண்ணு மட்டும் 18 மாடி. இடது கையை விரிச்சு வச்ச மாதிரின்னு சொல்றாக. அந்தக் குட்டைக் கட்டடம் கட்டை விரல், உள்ளங்கையில ஒரு நீரூற்று. உலக வணிக அமைப்போட முதல் அமைச்சர் மாநாடு 1996ல இங்கதான் நடந்துச்சு. 2006ல உலக வங்கியும் ஐஎம்எஃப்ங்கிற சர்வதேச நாணய நிதியமும் சேர்ந்து கூட்டம் போட்டதும் இங்கதான். அப்ப எதிர்ப்பு தெரிவிக்கிறவங்களுக்குக் கூட மண்டபத்துக்குள்ளயே ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தாங்களாம். கோஷம் போடுறதுன்னாலும் ஏசியில நின்னு போடணும்!

உள்ள போனதும் எனக்கு முதல்ல கண்ணுல பட்டது என்னன்னா, தூணைக் காணோம். நம்ம ஊர்க்காரனுக்கு அது ஒரு மாதிரி பயமா இருக்கும்ங்க. இந்த வளவுல பாருங்க, நாலு பக்கமும் பர்மா தேக்குத் தூணு. சின்ன வயசுல எந்தப் பிள்ளை எந்தத் தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்குன்னு பாத்துத்தான் வீட்டோட அளவே எங்களுக்குத் தெரியும். அங்க நாலாவது மாடியில ஒரு மைதானம், மேல கூரை, அவ்வளவுதான். நடுவுல இழுத்து விடுற சுவரு இருக்கு. இன்னைக்கு மூணு ஹால், நாளைக்கே சுவரைத் தள்ளிட்டா ஒரே ஹால். ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஒரு கண்காட்சியைப் பிரிச்சா, விடியுறதுக்குள்ள அடுத்ததுக்குக் கம்பளம் விரிச்சுடறான்.

கம்பளம்னு சொன்னதும் ஞாபகம் வருது. நாங்க தூக்கிட்டுப் போனதே தரைக் கல்லு. ஸ்டால் வாடகையோட வந்தது ஒரு சாம்பல் நிறக் கம்பளம். அதை எடுத்துட்டுக் கல்லை விரிக்கலாமான்னு கேட்டா, அதுக்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். ஒரு பிளக் பாயிண்டுக்கும் தனிக் காசு. அண்ணன் பேசிப் பாத்துட்டு, "விடுடா, நிக்க வச்சுக் காட்டுவோம்"னுட்டாரு. ஆத்தங்குடிக் கல்லைச் சுவத்துல சாச்சு வச்சு வித்த ஒரே ஆளுக நாங்களாத்தான் இருப்போம்.

ஸ்டால் அளவு மூணுக்கு மூணு மீட்டர். மூணு பக்கம் வெள்ளைத் தட்டி, ஒரு மேசை, ரெண்டு நாற்காலி. அண்ணன் மேசையில, நான் ஓரமா அட்டைப் பெட்டி மேல. வர்றவங்களுக்குத் தண்ணி கொடு, விசிட்டிங் கார்டு வாங்கி அடுக்கு, கல்லைத் துடை. ரெண்டாம் நாள் மத்தியானம்தான் எனக்கு உறைச்சுச்சு. எங்க ஐயா இதே ஊர்ல செஞ்ச வேலை இதுதானே!

ஐயா சின்ன வயசுலயே கப்பல் ஏறுனவரு. அங்க மார்க்கெட் ஸ்ட்ரீட்ல செட்டியாருகளோட கிட்டங்கி வரிசையா இருந்துச்சு. கிட்டங்கின்னா ஒரே நீளமான கூடம். நடுவுல நடைபாதை, ரெண்டு பக்கமும் மெத்தைப் பாய், ஆளுக்கொரு கணக்குப் பெட்டி. அந்தப் பெட்டிதான் கடை. ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவுல தட்டி கூடக் கிடையாது. ஒரே கூரைக்குக் கீழ பல விலாசம், அதாவது பல கடைப் பேரு, பல வட்டிக் கணக்கு. பகல்ல வியாபாரம், ராத்திரி அதே பாய்ல படுக்கை. மேலாள் ஒருத்தர், அடுத்தாள் ஒருத்தர், எடுபிடிக்குப் பெட்டியடிப் பையன். எங்க ஐயா பெட்டியடிப் பையனாத்தான் சேந்தாக. மூணு வருஷக் கணக்குக்குப் போறது, ஊருக்கு வர்றது, மறுபடி போறது.

மாநாட்டு மண்டபம்னு இன்னைக்கு நாம வாய் பிளக்குறோம்ல, அதுக்குப் பின்னாடி இருக்கிற யோசனை அந்தக் கிட்டங்கியிலயே இருக்கு. இடத்தைப் பங்கு போட்டுக்கிறது, ஆளுக்கு இத்தனை அடின்னு ஒத்துக்கிட்டு உக்கார்றது. இதை நான் பெருமைக்குச் சொல்லலை. வட்டித் தொழில்ல பெருமையும் இருக்கு, கசப்பும் இருக்கு, அதைத் தனியா ஒருநாள் பேசலாம்.

கடைசி நாள் அந்தத் தெருவுக்கு நடந்தே போனேன். கிட்டங்கிகளை எழுபதுகள்லயே எடுத்துட்டாக. இப்ப அங்க 280 மீட்டர் உயரத்துல ஒரு கட்டடம் நிக்குது. வாட்ச்மேன் ஏன் நின்னு பாக்குறேன்னு பாத்தாரு. நான் போட்டோ கூட எடுக்கலை. டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குப் போய்ட்டேன், அது 1859ல நகரத்தார், அதாவது அதே செட்டியாருக கட்டுனது, அது மட்டும் இன்னும் அங்கேயே இருக்கு.

அந்த சன்டெக் நீரூற்று பத்தி ஒண்ணு சொல்லணும். வெண்கல வளையம், 85 டன். மத்த நீரூத்துல தண்ணி வெளிய தெறிக்கும். இதுல மேல இருக்கிற வளையத்துல இருந்து உள்பக்கமா விழுது. செல்வம் வெளிய போகாம உள்ள சேரணும்னு அப்படி. வலது கையைத் தண்ணியில வச்சு மூணு சுத்து சுத்துறாங்க. நானும் சுத்துனேன். அப்புறம் மேல பாத்தேன்... இதோ பாருங்க, கேமராவைத் திருப்புறேன். நம்ம முற்றம். நாலு பக்கத்து ஓடும் உள்ள சாஞ்சிருக்கு, மழை பூராவும் நடுவுல விழுந்துதான் ஓடும். அப்பத்தா மழை பேஞ்சா முதல்ல அண்டாவைத்தான் நடு முற்றத்துல வைப்பாக.

போன் அடிக்குது. அண்ணன்தான். "டேய் பெட்டியடி, எண்ணி முடிச்சியா"ன்னு கேப்பாரு. எடுத்துட்டு வர்றேன்... இல்லை, வச்சுர்றேன். இன்னும் மாடி அறை ரெண்டு பாக்கி இருக்கு.